பழைய பெட்டியும் சூழொலியும்

படக்குழாய் கொண்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. ஐந்து ஸ்பீக்கர்களும், தாழ்ந்த ஒலிக்கென்று தனியே ஒன்றும் உடைய சூழொலிக் கருவி புதிதாக வந்து சேர்கிறது. இரண்டையும் இணைக்கிறார்கள். முன்புறத்தின் நடுவிலுள்ள ஸ்பீக்கர் மட்டும் பேசுகிறது. பின்னே வைத்தவை வாய் திறப்பதில்லை. கருவி பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். பழுது கருவியில் அன்று. அதற்குச் சென்ற ஒலியிலேயே குறை இருக்கிறது.

ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை நாம் எப்படி அறிகிறோம்? இரு செவிகளையும் அது சிறிது வேறுபட்டு வந்தடைவதால் அறிகிறோம். 1931-ஆம் ஆண்டில் ஆலன் புளும்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், இடம், வலம் என இரு தடங்களில் ஒலியைப் பதியும் முறைக்குக் காப்புரிமை கோரினார். பின்னர் டால்பி நிறுவனத்தார் நான்கு தடங்களின் ஒலியை அவ்விரண்டினுள் அடக்கும் உபாயத்தைத் திரையரங்குகளுக்கு அளித்தனர். 1982-இல் அது வீடுகளுக்கும் வந்தது.

அந்த உபாயம் வியப்புக்குரியது. நடுவிலிருந்து எழவேண்டிய உரையாடலை இரு தடங்களிலும் ஒன்றுபோலவே செலுத்துவர். பின்புறத்து ஒலியையோ, ஒரு தடத்தில் அலை உயரும்போது மற்றதில் தாழும்படி எதிரெதிராகச் செலுத்துவர். நம் வீட்டுக் கருவி இரண்டையும் கூட்டி நடுவொலியைப் பெறுகிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பின்னொலியைப் பெறுகிறது. ஒற்றைத் தட ஒலியைத் தரும் பெட்டியானால் இரு கம்பிகளிலும் வருவது ஒன்றே. ஐந்திலிருந்து ஐந்தைக் கழித்தால் மிஞ்சுவது என்ன? பின் ஸ்பீக்கர்கள் மௌனம் காப்பதில் வியப்பில்லையன்றோ!

ஆகவே, இரு தட ஒலி எங்கே கிடைக்கிறது என்று தேடுவதே முதல் வேலை. பெட்டியின் பின்புறம் வெள்ளையும் சிவப்புமாகத் துளைகள் இருந்தால், அவை ஒலி வெளிவரும் வழியா, உட்புகும் வழியா என்று எழுத்தைப் படித்துப் பாருங்கள். பல பழைய பெட்டிகளில் உட்புகும் வழி மட்டுமே உண்டு. அதில் எத்தனை முறை செருகினாலும் பயனில்லை.

அதற்காக வருந்த வேண்டுவதில்லை. ஒலி தொலைக்காட்சிப் பெட்டிக்குள் போய்த்தான் வரவேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. டிவிடி கருவியிலிருந்து மஞ்சள் கம்பி வழியே படம் பெட்டிக்குச் செல்லட்டும். வெள்ளை, சிவப்புக் கம்பிகள் நேரே ஆம்ப்ளிபயருக்குச் செல்லட்டும். இரு கருவிகளிலும் டிஜிட்டல் ஒலிக்கான துளை இருந்தால், வட்டில் ஆறு தடங்களாகப் பதிந்துள்ள ஒலி கூட்டலும் கழித்தலுமின்றித் தனித்தனியாகவே வந்துவிடும். பெட்டியின் சொந்த ஒலியை அடக்கி வைத்தால் போதும்.

சிலர் பெட்டியின் முதுகைத் திறந்து, உள்ளிருக்கும் ஸ்பீக்கரின் கம்பிகளிலிருந்தே ஒலியை எடுக்கத் துணிகின்றனர். இஃது உயிரோடு விளையாடுவதாகும். வண்ணப் படக்குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு; மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது தங்கியிருக்கக்கூடும். அன்றியும், சில பெட்டிகளின் உட்சட்டம் வீட்டு மின்கம்பியோடு நேரே தொடர்புடையது. அங்கிருந்து கம்பி இழுத்தால், ஆம்ப்ளிபயரின் உலோக உடலைத் தொடுவதும் மின்கம்பியைத் தொடுவதும் ஒன்றாகிவிடும். கேபிள் நிகழ்ச்சியின் ஒலி வேண்டுமாயின், செட்டாப் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். பெரும்பாலும் சிவப்பும் வெள்ளையும் அங்கேயே இருக்கும்.