கீழ்ப்படிந்தவர்கள் – 7: பிள்ளைகளைக் கேட்க மறந்தவர்

1836ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் முல்லர் காத்துக்கொண்டிருக்கிறார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைத் தம் விடுதியில் சேர்க்க விரும்புகிறவர்கள் அன்றைக்கு வந்து பெயர் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார். வில்சன் தெருவில் வாடகைக்கு வீடு ஆயிற்று. வேலைக்கு ஆள் ஆயிற்று. தட்டு, கிண்ணம், போர்வை, துணிமணி என்று சாமான்களும் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. அன்று ஒரு பிள்ளைக்குக்கூட யாரும் பெயர் கொடுக்க வரவில்லை.

வீடு திரும்பியவர் யோசித்தார். இரண்டு மாதமாக ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டிருந்தார்: வீடு கேட்டார், 1,000 பவுண்டு கேட்டார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆட்களைக் கேட்டார். பிள்ளைகளைக் கேட்கவில்லை! அநாதைப் பிள்ளைகளுக்கா பஞ்சம், அவர்கள் தாமாக வருவார்கள் என்று நினைத்துவிட்டார். அன்று மாலை முகங்குப்புற விழுந்து, ஒருவேளை இந்த வேலையே தேவனுக்குச் சித்தமில்லையென்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று ஜெபித்தார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது. ஒரு மாதத்துக்குள் 40க்கு மேல்.

முல்லரைப் பற்றி மேடைகளில் சொல்லப்படும் கதைகளில் இது அதிகம் வருவதில்லை. பிள்ளைகள் காலிக் கிண்ணங்களுக்கு முன் உட்கார்ந்திருக்க, ரொட்டிக்காரர் கதவைத் தட்டினார், பால்வண்டி வாசலில் உடைந்தது என்ற கதைதான் வரும். எனக்கு இந்த பிப்ரவரி 3 பிடித்திருக்கிறது. தான் கேட்க மறந்ததை ஒளிக்காமல் அச்சில் ஏற்றிய மனிதரை நம்பலாம்.

போன வாரம் அவரை ஜெர்மனியின் ஹாலே நகரில் விட்டோம். அரசாங்க வரி வசூலிப்பவரின் மகன். அப்பா பொறுப்பில் இருந்த பணத்திலேயே கை வைத்தவன். விடுதிச் செலவைக் கட்டாமல் ஓடப்பார்த்து 16 வயதில் சிறைக்குப் போனவன். பிழைப்புக்காகத்தான் இறையியல் படிக்க வந்தான். 1825 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, வியாபாரி ஒருவர் வீட்டு ஜெபக்கூட்டத்தில், ஒருவர் முழங்கால்படியிட்டு ஜெபிப்பதைத் தன் 20ஆம் வயதில் முதன்முறையாகப் பார்த்தான். கதை அங்கே திரும்பியது. தமிழில் முதன்முதலாகப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சிட்ட சீகன்பால்கு படித்ததும் இதே ஹாலேயில்தான். அவரைத் தரங்கம்பாடிக்கு அனுப்புவதில் பங்கிருந்த பிராங்கே அங்கே கட்டிய அநாதை விடுதியில்தான் மாணவன் முல்லர் இரண்டு மாதம் இலவசமாகத் தங்கினான். பத்து வருஷம் கழித்து, பிரிஸ்டலில் ஒரு வீட்டுக்குத் தேநீருக்குப் போன இடத்தில் பிராங்கேயின் வாழ்க்கை வரலாறு கண்ணில் பட்டது. பழைய நினைப்பு கிளறிவிட்டது.

ஆனால் விடுதிக்கு முன்னால் சம்பளத்தைப் பேசவேண்டும். என் கணக்கில் முல்லரின் கதை தொடங்குவது அங்கேதான்.

1830இல் தெற்குக் கடற்கரையில் டின்மவுத் என்ற சிற்றூரில் அவர் போதகர். ஆண்டுக்கு 55 பவுண்டு சம்பளம். அன்றைய ஆங்கிலச் சபைகளில் கோயில் இருக்கைகளுக்கு வாடகை உண்டு. நல்ல வாடகை கொடுத்தவருக்கு முன்னால் நல்ல இடம், இல்லாதவருக்குப் பின்னால் ஒரு மூலை. அந்த வாடகையிலிருந்துதான் போதகருக்குச் சம்பளம். முல்லர் யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கிறார். மோதிரம் போட்டவனுக்கு ஓர் இடம், கந்தை கட்டியவனுக்கு வேறோர் இடம் கொடுப்பதைக் கண்டிக்கிற அதிகாரம். நாமும் அதைப் பலமுறை வாசித்திருக்கிறோம். அவர் வாசித்து முடித்ததும் இருக்கை வாடகையை நிறுத்தினார். அதோடு தம் சம்பளமும் நின்றது. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மனைவி மேரி, ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸின் தங்கை. பல் வைத்தியத் தொழிலை விட்டு பாக்தாத்துக்கு மிஷனரியாகப் போனவர் இந்த குரோவ்ஸ். அண்ணன் வழியைப் பார்த்து வளர்ந்த பெண் என்பதால் அதிர்ச்சி சற்றுக் குறைந்திருக்கலாம். ஆனாலும் அடுப்பு மூட்டவேண்டியவர் அவர்தானே!

கோயிலில் ஒரு பெட்டி வைத்தார்கள். விருப்பமுள்ளவர்கள் போடலாம், யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர்க் கோயில்களில் பெட்டி என்றால் ஞாயிறு மாலையே திறந்து எண்ணிவிடுவார்கள். அங்கே பொறுப்பிலிருந்தவர் ஐந்து வாரத்துக்கு ஒருமுறைதான் திறந்தாராம். வீட்டில் காசு தீர்ந்துபோய், பெட்டியில் காசு கிடக்கும் என்று தெரிந்த நாட்களிலும், திறந்து பாருங்கள் என்று முல்லர் சொல்லவில்லை. மனிதனிடம் கேட்பதில்லை என்று முடிவெடுத்தபின், பெட்டியைத் திறக்கச் சொல்வதும் கேட்பதுதான் என்பது அவர் எண்ணம். பிடிவாதம் என்று சொல்லலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, 1841 டிசம்பருக்கு வரும்வரை.

முதல் ஆண்டுக் கணக்கில் பழைய சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வந்திருந்தது. இதை எழுதவே கை தயங்குகிறது. கொடுத்தால் இரட்டிப்பாகத் திரும்ப வரும் என்று விற்கிறவர்களுக்கு இது ஒரு சரக்காகிவிடும். வந்ததையெல்லாம் அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

விடுதியை ஏன் தொடங்கினார் என்பதற்கு அவர் சொல்லும் முதல் காரணம் பிள்ளைகள் அல்ல. பிரிஸ்டலில் நாளுக்கு 14, 16 மணி நேரம் உழைத்து உடம்பும் ஆத்துமாவும் வாடிப்போன சபையார் அவருக்குத் தெரியும். வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள், தேவன் பார்த்துக்கொள்வார் என்றால், அது வசனத்தில் உள்ளதுதான், நடைமுறைக்கு ஒத்துவராது என்பார்கள். ஒரு ஏழை மனிதன், யாரிடமும் கேட்காமல், ஜெபத்தினால் மட்டுமே ஒரு விடுதியை நடத்திக் காட்டினால் இவர்கள் நம்புவார்கள் என்று நினைத்தார். பிள்ளைகளின் பசி தீர்ப்பது அதற்கு அடுத்த காரணம். அவரே அப்படி வரிசைப்படுத்துகிறார்.

1835 டிசம்பர் 5ஆம் தேதி இரவு, வாயை விரிவாய்த் திறக்கச் சொல்லி நிரப்புவதாக வாக்களிக்கும் சங்கீதம் 81:10 அவர் கண்ணில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டுதான் 1,000 பவுண்டு கேட்டார். நாமும் புதுவருஷ ஆராதனையில் தட்டிலிருந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். நல்ல வசனம் வந்தால் பீரோவில் ஒட்டுகிறோம். கண்டிப்பான வசனம் வந்தால் அட்டை எங்கே போயிற்றென்றே தெரிவதில்லை. முல்லர் வேதத்தை ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரை திரும்பத் திரும்ப வாசித்தவர். வாழ்நாளில் நூறு முறைக்கு மேல். அந்த வாசிப்பின் போக்கில்தான் அந்தச் சங்கீதமும் வந்தது.

வேத வாசிப்புக்கும் ஜெபத்துக்கும் உள்ள உறவில் அவர் ஒரு தவறைத் திருத்திக்கொண்டார். 1841இல் எழுதியிருக்கிறார். பத்து வருஷமாக எழுந்தவுடன் முழங்கால்படியிடுவது அவர் வழக்கம். நல்ல வழக்கம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கால் மணி, அரை மணி நேரம் மனம் எங்கெங்கோ அலையும். ஜெபம் பிடிபடுவதற்குள் நேரம் போய்விடும். நாட்டையே அசைத்த ஜெபவீரர் என்று நாம் சொல்கிறவர் இதை ஒப்புக்கொள்கிறார். பிறகு முறையை மாற்றினார். சுருக்கமாக ஒரு வார்த்தை ஜெபித்துவிட்டுப் புதிய ஏற்பாட்டைத் தொடக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டார். வசனம் வசனமாக, பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்க அல்ல, தன் ஆத்துமாவின் பசிக்கு. இரண்டு வசனம் போவதற்குள் ஓர் அறிக்கை வரும், அல்லது ஸ்தோத்திரம் வரும், அல்லது யாருக்காவது மன்றாடத் தோன்றும். ஜெபித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போவார். முதலில் தேவன் பேசட்டும், பிறகு நான் பதில் சொல்கிறேன் என்கிற வரிசை. காலையில் உடம்புக்கு உணவு போல உள்ளான மனிதனுக்கு இது என்பது அவர் ஒப்புமை.

செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இதில் ஆபத்து உண்டு. வசனம் முதலில் பேசினால் நாம் கேட்க நினைக்காததையெல்லாம் பேசும். ரோமர் 13:8 அவரிடம் கடனைப் பற்றிப் பேசியது. அதன்பின் ரொட்டிக்கும் பாலுக்கும் வாரக்கணக்கு வைப்பதையே நிறுத்தினார்கள். வாசலில் வாங்கும்போதே காசு. காசு இல்லாவிட்டால் வாங்குவதில்லை. நூறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இப்படி ஒரு விதி!

இனி 1841 டிசம்பர். ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் போட்டு அறிக்கை வாசிப்பது வழக்கம். அந்த வருஷம் கை முழுக்க வறண்டிருந்தது. கூட்டம் போட்டு இருக்கிற நிலைமையை உள்ளபடி சொன்னாலே போதும், பணம் கொட்டும். எல்லாம் உண்மை, ஒரு வார்த்தை பொய் இல்லை. அதற்காகவே முல்லரும் உடன் ஊழியர்களும் கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். இப்போது சொன்னால் அது அறிக்கையாக இருக்காது, கையேந்துவதாகிவிடும் என்றார்கள். அடுத்து வந்த நாலு மாதம் அவர்கள் கண்ட மிகக் கஷ்டமான காலங்களில் ஒன்று. மத்தியானச் சாப்பாட்டுக்குக் காலையில் காசு இல்லாத நாட்கள் பல. ஊழியர்கள் தங்கள் சொந்தப் பொருட்களை விற்றுப் போட்டார்கள்.

ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது என்று பேச ஆயிரம் பேர் உண்டு. கேட்காமல் இருக்கும் கீழ்ப்படிதலைப் பற்றிப் பேச ஆள் இல்லை. இன்று கைபேசியில் வரும் ஜெபக் குறிப்புகளைப் பாருங்கள். ‘தேவைகளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே வங்கிக் கணக்கு எண். விசுவாச ஊழியம் என்று பெயர். கேட்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. பவுல் எருசலேம் ஏழைகளுக்காகச் சபை சபையாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே, கேட்பதில்லை என்று சொல்லாதிருப்போம்.

இந்த இடத்தில் முல்லர்மீதும் ஒரு கேள்வி உண்டு. அவர் அச்சிட்ட ஆண்டறிக்கைகளும் நூலும் இங்கிலாந்து முழுவதும் வாசிக்கப்பட்டன. அவையே பெரிய விளம்பரம் இல்லையா? ஓரளவு ஆம் என்றுதான் நினைக்கிறேன். முற்றிலும் இரகசியமான ஊழியமாக அது இருக்கவில்லை. ஆனால் வந்த காசுக்கெல்லாம் எண்ணிட்ட ரசீது கொடுத்து, அறிக்கையில் அந்த எண்ணைப் பார்த்து ஒவ்வொருவரும் தன் காசைச் சரிபார்க்கும்படி வைத்தார். தேவை எழுந்த நேரத்தில் வாய் திறக்கவில்லை. தேவை தீர்ந்தபின் சொன்னார். அந்த வித்தியாசம் எனக்குப் போதும்.

1845இல் வில்சன் தெரு அண்டைவீட்டுக்காரர் ஒருவர் மரியாதையாகக் கடிதம் எழுதினார்: பிள்ளைகளின் சத்தமும் நெரிசலும் தெருவுக்குத் தொல்லை. ஊழியத்துக்குச் சத்துருவின் எதிர்ப்பு என்று நம்மில் பலர் உபவாச ஜெபம் வைத்திருப்போம். முல்லர் நிதானமாக யோசித்து, அவர் சொல்வது நியாயம் என்று முடிவுக்கு வந்தார். ஊருக்கு வெளியே ஆஷ்லி டவுனில் நிலம் வாங்கினார். 1849இல் 300 பிள்ளைகளுக்கு முதல் கட்டடம். 1870க்குள் ஐந்து கட்டடம், 2,050 பிள்ளைகளுக்கு இடம்.

அந்த முதல் கட்டடத்தில் 1857 நவம்பர் கடைசியில் கொதிகலன் ஒழுகியது. குளிர்காலம், முந்நூறு பிள்ளைகள், செங்கல் சுவரை இடித்தால்தான் ஒழுகும் இடம் தெரியும், அதுவரை நெருப்பு கிடையாது. ஆள் பேசி நாள் குறித்தார். குறித்த பிறகு வாடைக்காற்று ஆரம்பித்தது. முல்லர் இரண்டு காரியம் கேட்டார்: வாடை தென்றலாக மாறவேண்டும், நெகேமியாவின் ஜனங்களைப் போல வேலைக்காரர்களுக்கு வேலைசெய்ய மனம் வரவேண்டும். முந்தின நாள் மாலைவரை வாடைதான். புதன்கிழமை காலையில் தென்காற்று. அன்று இரவு மேற்பார்வையாளர், ஆட்கள் நேரங்கழித்து வேலைசெய்துவிட்டு நாளை சீக்கிரம் வருவார்கள் என்றார். ஆட்களில் மூத்தவர் குறுக்கிட்டு, இராமுழுவதும் செய்துவிடுகிறோம் ஐயா என்றார். முப்பது மணி நேரத்தில் மறுபடி நெருப்பு மூட்டினார்கள்.

காற்று மாறியதுதான் எல்லாருக்கும் நினைவிருக்கும். அவர் வேலையாட்களை முதலில் அழைத்தார், நாள் குறித்தார், அதன்பின்தான் காற்றுக்காக ஜெபித்தார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

1898 மார்ச் 9, புதன்கிழமை மாலை, 92 வயது முல்லர் வழக்கம்போல ஜெபக்கூட்டத்தை நடத்தினார். மறுநாள் அதிகாலையில் படுக்கையறையிலேயே இறந்தார். அவர் காலத்தில் அந்த விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகள் 10,024 பேர். கைவழியே போன பணம் ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டு. புத்தகங்களும் நாற்காலி மேசைகளும் சேர்த்து அவர் விட்டுப்போனது 170 பவுண்டுக்கும் குறைவு.

அவருடைய மைத்துனர் குரோவ்ஸ் 1833இல் இந்தியாவுக்கு வந்தார். அன்றைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அருளப்பன் என்ற இளைஞரைச் சந்தித்தார். மிஷன் சம்பளம் வேண்டாம் என்று அந்த இளைஞரும் ஒரு முடிவெடுத்தார். அவர் முயற்சியில் 1840இல் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊர் எழும்பியது. அடுத்த வாரம் அவரைப் பற்றி எழுதுகிறேன். அந்தப் பக்கத்து வாசகர்கள் வீட்டில் தாத்தா, பூட்டன் காலத்துக் கடிதமோ, வேதப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிய குறிப்போ இருந்தால், இந்த வாரத்துக்குள் படி எடுத்து அனுப்புங்கள். மூலத்தை நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.