இருதயத் துடிப்பும் இ.சி.ஜி. படமும்

கழனியில் வேலை செய்யும் ஒருவருக்கு மார்பை அழுத்தும் வலி ஏற்படுகிறது, உடல் வியர்க்கிறது. “வாயுப் பிடிப்பாக இருக்கும்” என்று கூறிச் சுக்குக் கஷாயம் கொடுத்து, பொழுது சாயும் வரை காத்திருக்கிறார்கள். கிராமங்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. அவ்வலி இருதயத்தினால் வந்ததா என்று அறியப் பெரிதும் உதவுவது இ.சி.ஜி. என்னும் இருதய மின்வரைபடமாகும். அதன் பொருளை ஓரளவேனும் அறிந்துகொள்வது நம் அனைவருக்கும் நலம் பயக்கும்.

படம் எவ்வாறு பதிவாகிறது?

இருதயம் சுருங்குவதற்குச் சற்று முன்னர் அதன் தசையில் நுண்ணிய மின்னோட்டம் பரவுகிறது. இதைத் துல்லியமாகப் பதிவு செய்யும் முறையை வகுத்த ஹாலந்து நாட்டு அறிஞர் ஐந்தோவன் 1924-இல் நோபல் பரிசு பெற்றார். இன்று கைகால்களில் நான்கும் மார்பில் ஆறுமாகப் பத்து மின்வாய்களைப் பொருத்திப் பன்னிரண்டு கோணங்களில் படம் எடுக்கின்றனர். கருவி உடலுக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதில்லை. ஆதலின் அஞ்ச வேண்டுவதில்லை.

கீழறைகளின் அலைகள்

ஒவ்வொரு துடிப்பிலும் முதலில் தோன்றும் சிறு மேடு ‘பி’ அலை. இது மேலறைகளுக்கு உரியது. அடுத்து ஊசிபோல் எழுவது ‘க்யூ.ஆர்.எஸ்.’. நுரையீரலுக்கும் உடலுக்கும் இரத்தத்தைச் செலுத்தும் கீழறைகளில் மின்னோட்டம் பரவுவதை இது காட்டும். கட்டத்தாளில் ஒரு சிறு கட்டம் ஒரு வினாடியில் 25-இல் ஒரு பங்கு. இவ்வலை மூன்று கட்டங்களுக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் அகன்றால் மின்னோட்டம் செல்லும் வழியில் தாமதம் இருக்கலாம். பின்னர் வருவது ‘எஸ்.டி.’ என்னும் சமநிலைப் பகுதி. இறுதியில் எழும் ‘டி’ அலை, கீழறைகள் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாவதைக் குறிக்கும்.

இவற்றுள் மருத்துவர் மிகவும் உற்று நோக்குவது எஸ்.டி. பகுதியையே. ஏரிக் கால்வாய் தூர்ந்தால் அதை நம்பிய கழனி வாடுகிறது. அவ்வாறே, இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் முற்றிலும் அடைபட்டால் தசை மடியத் தொடங்குகிறது. அப்போது எஸ்.டி. பகுதி பெரும்பாலும் கோட்டிற்கு மேல் உயர்ந்து நிற்கும். எக்கோணங்களில் உயர்ந்துள்ளது என்பதைக் கொண்டு பாதிக்கப்பட்ட பாகத்தை அறியலாம். கழனியில் மறுபோகம் விளைவிக்கலாம். மடிந்த இருதயத் தசையோ மீண்டும் வளர்வதில்லை. முதற் படம் சரியாக இருப்பினும் வலி நீடித்தால் மறுபடியும் படம் எடுக்க வேண்டும்.

தமிழ்நாடு கண்ட பயன்

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட பெரிய மருத்துவமனைகளுடன் சிறு மருத்துவமனைகளை இணைத்து, 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் ஓர் ஆய்வு நடைபெற்றது. விரைவாகப் படம் எடுத்து, உறைகட்டியைக் கரைக்கும் மருந்தளித்து, பின்னர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முறை பின்பற்றப்பட்டது. ஓராண்டிற்குள் இறப்போர் நூற்றுக்கு 17.6 என்பதிலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர்.

நாம் செய்ய வேண்டுவது

அரக்கோணத்திலிருந்து காட்பாடி இருப்புப் பாதை வழியே சுமார் 60 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவு சென்ற பிறகுதான் முதற் படம் எடுப்பது என்றால் பொன்னான நேரம் வீணாகும். 108 வண்டியை அழைத்து, இ.சி.ஜி. வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். அவ்வசதி எங்குள்ளது என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கேட்டறிந்து, அறிவிப்புப் பலகையில் எழுதி, கிராம சபையிலும் எடுத்துரைப்பார்களாக. தூர்ந்த கால்வாயைக் கண்டால் மண்வெட்டியுடன் விரைகிறோம். மார்வலி கண்டபோதும் அவ்வாறே விரைவோமாக!