ஒரே சோதனை, ஐந்து மடங்கு கட்டணம்

திருவதிகையிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குக் கிளம்புகிறவரின் செலவுக் கணக்கில், டிக்கெட் விலைக்குள்ளேயே ஒளிந்துகிடக்கும் தொகை ஒன்று உண்டு: விமானப் பாதுகாப்புக் கட்டணம், 12 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் ₹1,020. அவர் ஏறும் அதே சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து டெல்லிக்குப் பறப்பவருக்கு ₹200. இருவர் பையும் எக்ஸ்ரே பெல்ட்டில்தான் போகிறது. இருவரையும் தடவிப் பார்ப்பது அதே மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைதான்.

2019 ஜூலையில் இந்தக் கட்டணம் உள்நாட்டுக்கு ₹150, வெளிநாட்டுக்கு 4.85 டாலர். 2020 செப்டம்பரில் ₹160, 5.20 டாலர். 2021 ஏப்ரலில் ₹200, 12 டாலர். இரண்டு ஆண்டுக்குள் உள்நாட்டுப் பயணிக்கு 33 சதவீத ஏற்றம், வெளிநாட்டுப் பயணிக்கு 147 சதவீதம். அதுவும் கொரோனா காலத்தில்.

சோதனை வேண்டும். 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்துச் சுமார் 30 பேர் இறந்தார்கள். கொழும்பு விமானத்துக்குப் பெட்டிகளைப் பதிவு செய்தவர் விமானம் ஏறவே இல்லை. மறு ஆண்டு ஜூன் 23, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் குண்டு வெடித்தது. அங்கும் பெட்டி ஏறியது, ஆள் ஏறவில்லை. 329 உயிர்கள் போயின. ஆள் வராவிட்டால் பெட்டியை இறக்கு என்ற கண்டிப்புக்குப் பின்னால் இத்தனை சாவுகள் இருக்கின்றன. எல்லோரையும் காக்கும் காவலுக்கு வளைகுடாத் தொழிலாளி ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

வெளிநாடு செல்வது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் சுதந்திரத்தில் அடங்கும் என்று 1967இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் 3-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி அனுமதி வாங்க வேண்டும். அவர் கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். பாஸ்போர்ட் ₹1,500. இரண்டு ஆண்டுக் காப்பீடு ₹275. ஏஜெண்டுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சம் ₹30,000, ஜிஎஸ்டியோடு ₹35,400. பாதுகாப்புக் கட்டணம் ₹1,020. ஆக ₹38,195. மருத்துவப் பரிசோதனையும் மீனம்பாக்கம் போய்ச்சேரும் செலவும் இதில் இல்லை.

அனுமதி பெற்றுப் போகிறவர்கள் அரசின் இ-மைக்ரேட் பதிவில் பெயர் பெயராக இருக்கிறார்கள். அதை வைத்தே அவர்களிடம் பாதுகாப்புக் கட்டணமாக ₹200 மட்டும் வாங்கலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் தூதரகப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கும் இந்தக் கட்டணத்தில் ஏற்கெனவே விலக்கு இருக்கிறது.