ராத்திரி டியூட்டியில் யார் இருக்கிறார்கள்?

ஆபரேஷன் என்று முடிவானதும் எல்லா வீட்டிலும் முதலில் விசாரிப்பது டாக்டரைப் பற்றித்தான். கைராசி எப்படி, எத்தனை வருட அனுபவம், பக்கத்து வீட்டுக்காரருக்கு யார் செய்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். அன்றைக்கு இரவு வார்டில் எத்தனை நர்ஸ் இருப்பார்கள், ஒருவருக்கு எத்தனை நோயாளிகள், டியூட்டி டாக்டர் எந்த மாடியில் இருப்பார் என்று கேட்பவர்கள் அபூர்வம். காது, மூக்கு, தொண்டை, கழுத்து ஆபரேஷன்களில் இதையும் கேட்டே ஆக வேண்டும். மற்ற இடங்களில் ஓர் அவுன்ஸ் ரத்தம் கசிந்தால் பேண்டேஜ் நனையும், அவ்வளவுதான். தொண்டையிலும் கழுத்திலும் அதே கசிவு மூச்சுப்பாதையை அடைத்துவிடும். அதை முதலில் பார்க்கக்கூடியவர் படுக்கைக்குப் பக்கத்தில் வந்துபோகும் சிஸ்டர்தான்.

தைராய்டு ஆபரேஷனை எடுத்துக்கொள்வோம். நூறு பேரில் ஓரிருவருக்குக் கழுத்துக்குள் ரத்தம் கட்டும். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள், அதிலும் முதல் ஆறு மணி நேரத்தில் இந்த அபாயம் கூடுதல். முன்பக்கம் போட்ட பேண்டேஜ் காய்ந்து சுத்தமாகவே இருக்கலாம். மல்லாந்து படுத்திருப்பவருக்கு ரத்தம் வழிந்து பிடரிப் பக்கம்தான் சேரும். அதனால் விவரமான சிஸ்டர் முன்பக்கத்தைப் பார்த்ததோடு நிற்க மாட்டார். கழுத்துக்கும் தலையணைக்கும் நடுவே கையை விட்டு, விரலை வெளியே எடுத்து ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். காயத்திலிருந்து குழாய் வழியே ரத்தம் வடியும் டிரெயின் பாட்டிலில் ரத்தம் கொஞ்சமாக இருப்பதை வைத்தும் ஏமாற மாட்டார், குழாய் அடைத்திருந்தாலும் பாட்டில் காலியாகத்தான் இருக்கும்.

"சிஸ்டர், கழுத்தை இறுக்குற மாதிரி இருக்கு."

"தையல் போட்ட இடம்ணே, அப்படித்தான் இருக்கும். தூங்குங்க."

இந்தப் பதில் பல நேரம் சரியானதாகவே இருக்கும். ஆனால் இறுக்கம் கூடிக்கொண்டே போனாலோ, குரல் மாறினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, படுக்க முடியாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தாலோ, காரணமில்லாமல் படபடத்தாலோ, இந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள். விரலில் மாட்டிய கிளிப்பில் ஆக்சிஜன் 98 என்று தெரிவது சமாதானம் ஆகாது. மூச்சுப்பாதை நெருக்கப்படும்போது அந்த எண் கடைசியில்தான் இறங்கும். டியூட்டி டாக்டரை அப்போதே வரச் சொல்லுங்கள். மூச்சே அடைக்கும் நிலை வந்துவிட்டால் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகவும் நேரம் இருக்காது. படுக்கையிலேயே தையலைப் பிரித்து, உள்ளே கட்டியிருக்கும் ரத்தத்தை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பிரிட்டனின் மயக்க மருந்து, காது மூக்கு தொண்டை, தைராய்டு அறுவை மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் படிப்படியாகச் சொல்கிறது. தையல் பிரிக்கும் கருவிகள் அடங்கிய பெட்டி நோயாளியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது. "கழுத்து வீங்கினா தையலைப் பிரிக்க ராத்திரி யார் இருப்பாங்க, அந்தப் பெட்டி எங்கே இருக்கு?" என்று அட்மிஷன் அன்றே கேளுங்கள். யோசிக்காமல் பதில் வரும் இடமே நல்ல இடம் என்பது என் அபிப்பிராயம்.

தைராய்டு முழுவதையும் எடுத்தவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு, அது ஓரிரு நாள் கழித்து வரும். உதட்டைச் சுற்றி மதமதப்பு, விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் உணர்வு, பிறகு கை இழுத்துக்கொள்வது. ரத்தத்தில் கால்சியம் குறைந்ததன் அடையாளங்கள் இவை. பலவீனம் என்று நினைத்து குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து வீட்டில் வைத்துக்கொண்டால் வலிப்பு வரை போகலாம். டிஸ்சார்ஜுக்கு முன் கால்சியம் பார்த்தார்களா, எத்தனை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

குழந்தைகளின் டான்சில் ஆபரேஷனில் கவனிக்க வேண்டியது வேறு. தூங்கும் குழந்தையின் தொண்டை அடிக்கடி மேலும் கீழும் அசைந்தால், அது எதையோ விழுங்கிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். விழுங்குவது ரத்தமாக இருக்கலாம். வாயில் ஒரு துளிகூடத் தெரியாமல் இருக்கலாம். நாடி வேகமெடுக்கும், முகம் வெளுக்கும், கடைசியில் காபி டிகாஷன் நிறத்தில் வாந்தி வரும். நர்ஸ் டார்ச் அடித்துத் தொண்டையின் பின்பக்கத்தைப் பார்ப்பது இதற்காகத்தான். தூக்கம் கலையுமே என்று தடுக்காதீர்கள்.

ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை இன்னொரு முறை ரத்தம் கசிய வாய்ப்புண்டு. அப்போது குழந்தை வீட்டில் இருக்கும். எச்சிலில் புதுச் சிவப்பு ரத்தம் வந்தால், நின்றுவிட்டது போலத் தோன்றினாலும், நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். மற்றபடி ஆபரேஷன் செய்த இடத்தில் வெள்ளையாகப் படர்வது சீழ் அல்ல, காது வலிப்பதும் வழக்கம்தான். வலிக்குப் பயந்து தண்ணீரும் கஞ்சியும் கொடுக்காமல் இருப்பதுதான் தப்பு. வலிமருந்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. டான்சில் எடுத்த குழந்தைகளுக்கு கோடீன் கொடுத்து மூச்சு நின்ற சம்பவங்களுக்குப் பிறகு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013-ல் அதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. 2017-ல் பன்னிரண்டு வயதுக்குக் கீழே கோடீனே கூடாது என்றும், டான்சில் எடுத்த பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு டிரமடால் கூடாது என்றும் சொல்லிவிட்டது. மருந்துச் சீட்டில் இந்த இரண்டு பெயர்கள் இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மீந்துபோன பழைய இருமல் மருந்தையும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

மூக்குத்தண்டு வளைவைச் சரிசெய்தவர்களும் காதுச் சவ்வு ஒட்டியவர்களும் மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூக்கில் வைத்த பஞ்சு முழுவதும் எப்போது எடுக்கப்படும் என்பது எழுத்தில் இருக்கட்டும். காது ஆபரேஷனுக்குப் பிறகு முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கண் மூடாவிட்டாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

தொண்டையில் துளையிட்டு ட்யூப் வைத்த டிராக்கியோஸ்டமி நோயாளியின் பாடு தனி. அவரால் கூப்பிட முடியாது. ட்யூபில் சளி அடைத்தால் கை அசைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு மணியும், சிலேட்டோ நோட்டும் பேனாவும் இருந்தாக வேண்டும். கேட்டால் பல வார்டுகளில் சிரிப்பார்கள். வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். படுக்கைக்கு மேலே அதே அளவில் ஒரு மாற்று ட்யூபும், ஓர் அளவு சிறியதாக இன்னொன்றும் தொங்க வேண்டும். சக்‌ஷன் மெஷின் ஓடுகிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும். சளி எடுக்கும் குழாய் உள்ளே போகும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே இழுக்கும்போது மட்டும்தான். ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நொடிக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் சளியோடு ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடுவோம். நமக்கு மூக்கு செய்யும் ஈரப்படுத்தும் வேலை இவருக்கு இல்லாததால், ஈரம் கொடுக்காவிட்டால் சளி காய்ந்து பக்காகி ட்யூபை அடைக்கும்.

வீட்டுக்கு அனுப்புமுன் சொல்லிக்கொடுப்பது செவிலியரின் கடமை, கற்றுக்கொள்வது உங்கள் உரிமை. செய்து காட்டியதோடு விடாமல், உங்கள் கையால் செய்யவைத்து அவர் பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் கற்றால் போதாது, வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். கரன்ட் போனால் என்ன செய்வது என்று கேளுங்கள். காலால் மிதித்து இயக்கும் சக்‌ஷன் கருவி இருக்கிறது. சாம்பிராணிப் புகை, பவுடர், தலைக்கு மேல் ஊற்றும் தண்ணீர் மூன்றும் ட்யூபுக்கு ஆகாது.

குரல்வளைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையையே எடுத்தவர்களுக்கு இன்னும் ஒரு படி அதிகக் கவனம் வேண்டும். அவர்களுடைய மூக்குக்கும் நுரையீரலுக்கும் தொடர்பே கிடையாது. மயங்கி விழுந்தால் முகத்தில் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுப்பதால் ஒரு பலனும் இல்லை, கழுத்துத் துளையில்தான் கொடுக்க வேண்டும். விஷயம் தெரியாத ஒருவர் அவசரத்தில் வழக்கப்படி முகத்தைத் தேடிப் போவார். பிரிட்டனில் இவர்களுடைய கட்டிலின் தலைமாட்டில் சிவப்பு அட்டையும், சாதாரண டிராக்கியோஸ்டமிக்குப் பச்சை அட்டையும் மாட்டுகிறார்கள். இங்கே ஒரு வெள்ளைத்தாளில் "கழுத்து வழியாக மட்டுமே மூச்சு" என்று எழுதி ஒட்டச் சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. அதையே பர்ஸிலும் வைத்திருங்கள். 108-ஐக் கூப்பிடும்போது முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்.

தியேட்டருக்குள்ளும் செவிலியரின் கணக்கு ஒன்று இருக்கிறது. ரத்தம் கீழே இறங்காமலிருக்க வாய்க்குள் தொண்டையில் துணிச்சுருள் வைப்பதுண்டு. அதை எடுக்க மறந்தால், மயக்கம் தெளியும்போது அதுவே மூச்சை அடைக்கும். வைத்ததும் எடுத்ததும் எண்ணிக்கையில் வர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், ஆபரேஷனுக்கு முன் பக்கத்தைக் குறியிடுவதும், முடிவில் துணி, ஊசி, கருவிகளை எண்ணிச் சொல்வதும் அடங்கும். இடது காதா வலது காதா என்று மயக்கம் கொடுப்பதற்கு முன்பே குறிபோட்டார்களா என்று நோயாளியே பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது சட்டம். சம்மதப் பத்திரத்தில் கணவரோ மகனோ கையெழுத்துப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளிக்காக வேறு யாரும் சம்மதிக்க முடியாது. சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம், ஒரு சிகிச்சைக்கு வாங்கிய சம்மதத்தை வைத்து இன்னொன்றைச் செய்யக் கூடாது என்றது, உயிர் காக்கும் அவசரம் மட்டும் விதிவிலக்கு. குரல் மாறலாம், கால்சியம் மாத்திரை ஆயுளுக்கும் தேவைப்படலாம், தொண்டையில் ட்யூப் வைக்க நேரலாம் என்பதையெல்லாம் உங்கள் மொழியில் சொன்ன பிறகே கையெழுத்து.

ஏதாவது தவறு நடந்துவிட்டால் முதலில் நோயாளியைக் காப்பாற்றும் வேலை. கூச்சல், கண்ணாடி உடைப்பு வேண்டவே வேண்டாம். மருத்துவமனை வன்முறைக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் 2008-லிருந்து இருக்கிறது, நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு உங்கள் மேல் வரும். அடுத்தது ஆவணம். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். "கேஸ் ஷீட் நகல் வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் டிஸ்சார்ஜ் சம்மரியோடு முடித்துவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, மருந்து சார்ட், நாடி-ரத்த அழுத்த சார்ட், செவிலியர் குறிப்புகள். இரவு இரண்டு மணிக்குக் கழுத்து இறுக்கம் என்று எழுதி, அடுத்த பதிவு காலை ஆறு மணிக்கு இருந்தால், வழக்கின் உயிர் அந்த நான்கு மணி நேரத்தில்தான்.

செவிலியரின் தவறுக்கு மருத்துவமனை கைகழுவ முடியாது. ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில், தகுதியற்ற ஒரு நர்ஸ் தவறான ஊசியை நரம்பில் ஏற்றி ஒரு குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டது. குழந்தைக்கு 12.5 லட்சமும் பெற்றோருக்கு 5 லட்சமும் வழங்கிய உத்தரவை 1998-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டுப் போன மருத்துவரையும் அது விடவில்லை. அரசு மருத்துவமனை என்றாலும் வழி உண்டு. அவுரங்காபாத்தில் வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்ததில் ஒரு பெண் இறந்த வழக்கில் 1996-ல் மாநில அரசே பொறுப்பு என்று தீர்ப்பானது. முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பதால், அங்கே சிவில் வழக்கோ உயர் நீதிமன்றமோதான்.

போலீஸ் புகாரை நான் முதலில் சொல்ல மாட்டேன். கிரிமினல் குற்றமாக வேண்டுமானால் அலட்சியம் மிக மோசமானதாக இருக்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-லேயே வரையறுத்துவிட்டார்கள். இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு, மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு. அந்த 'மருத்துவர்' வரையறைக்குள் செவிலியர் இல்லை. ஒரே இரவில் ஒரு வார்டு முழுவதையும் தனியாகப் பார்க்கவைத்தது நிர்வாகம், கம்பி எண்ணுவது சிஸ்டர் என்றால் அது நியாயமாகப் படவில்லை. புகாரில் செவிலியரின் பெயரை எழுதுமுன், அன்றைய இரவு டியூட்டிப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள்.

டாக்டர் மீதான புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு, செவிலியரின் பதிவு சம்பந்தப்பட்டது செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலுக்கு. தனியார் மருத்துவமனையின் ஆள்பற்றாக்குறை, வசதிக்குறைவு என்றால் மாவட்ட இணை இயக்குநர், மருத்துவப் பணிகள் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் போதும், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மருத்துவமனை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் மூன்று ஆண்டுகள்தான், அதுவும் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து. அதனால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் முடிவாகும்வரை காத்திராமல், நகல் கேட்கும் கடிதத்தை முதலில் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.