தேக்கின் மேல் ஏழு கோட்டிங்

ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம் போதும். வாட்டர் பேப்பரில் ஒரு துண்டைக் கிழித்து, தண்ணீரில் நனைத்து, ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு எங்கள் ஊர் வீட்டு வாசற்கதவில் ஒரே இடத்தில் வட்டமாகத் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் ஆழமில்லாத ஒரு குழி விழுந்தது. அதன் விளிம்பில், வெட்டிய மரத்தில் தெரிவதுபோல், வளையங்கள். மேலே சாக்லேட் பழுப்பு. அதற்குள் பச்சை, வெளிர்நீலம், மறுபடி பழுப்பு, சாம்பல், சந்தனம். கடைசியாக ஆரஞ்சு கலந்த ஒரு சிவப்பு. ஏழு. நடுவில் மட்டும் தேன் நிறத்தில் தேக்கு எட்டிப்பார்த்தது.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வல்லுநர்களும் இப்படித்தான் குழி போட்டு, பூதக்கண்ணாடி வைத்து எண்ணுகிறார்கள். எனாமல் பெயிண்ட் ஒரு கோட்டிங் காய்ந்தபின் முப்பது, நாற்பது மைக்ரான் இருக்கும். ஏழு சேர்ந்தாலும் ஒரு அஞ்சலட்டையின் தடிமன்தான். இந்த அஞ்சலட்டையை எப்படி உரிப்பது என்பதற்கு ஒரே நாளில் எனக்கு நான்கு யோசனைகள் வந்து சேர்ந்தன.

பெயிண்டர் சொன்னார்: “ஏஜி ஃபோர் மெஷின்ல கம்பி பிரஷ் மாட்டினா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும் சார்.” எழுபது தாண்டிய ஆசாரி, “உடைஞ்ச கண்ணாடி இருந்தா குடுங்க தம்பி, நாலு நாள்ல எடுத்துடலாம்” என்றார். மச்சான் போனில் ஹீட் கன் வாங்கச் சொன்னார். ஹார்ட்வேர் கடைக்காரர் பெயிண்ட் ரிமூவர் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தே விட்டார். வந்துபோன உறவினர்கள் யோசனை சொல்லவில்லை, “இவ்வளவு நல்ல தேக்குக்கு யார் பெயிண்ட் அடிச்சது?” என்று மட்டும் கேட்டார்கள். அதற்கு வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

நான்கு வழியிலும் பெயிண்ட் போகும். எங்கே போகும் என்பதுதான் விஷயம். கதவைவிட்டு இறங்கும் பெயிண்ட் மாயமாகிவிடுவதில்லை. மெஷினில் தூசியாகிறது, கண்ணாடிச் சில்லில் சுருளாகிறது, ரிமூவரில் சேறாகிறது, ஹீட் கன்னில் இளகிய தோலாகிறது. சூடு மீறினால் புகையாகிறது. எந்தக் கருவியை எடுக்கிறோம் என்று முடிவு செய்யும்போதே, பெயிண்ட் எந்த உருவில் நம் வீட்டுக்குள் இறங்கவேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறோம். வேகம், செலவு எல்லாம் அதற்கப்புறம்.

இந்த உருவம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஈயம். பாத்திரத்துக்குப் பூசுவார்களே அது வெள்ளீயம், வேறு உலோகம். இது காரீயம். ஒயிட் லெட் எனப்படும் ஈயக் கார்பனேட் ஒரு காலத்தில் வெள்ளைப் பெயிண்டின் உயிர்நாடி. ஈயக் குரோமேட்டில் மஞ்சள் வந்தது, அதில் நீலம் கலந்தால் பச்சை. இரும்புக்கு முதல் கோட்டிங்காக ரெட் லெட். எண்ணெய்ப் பெயிண்ட் சீக்கிரம் காய்வதற்கும் ஈய உப்பு சேர்த்தார்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் எதையும் சந்தேகப்படலாம். வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. செங்கல் நிற ரெட் ஆக்சைடையும் ரெட் லெட்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. நான் என் கதவைச் சோதனைக்கு அனுப்பவில்லை. ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

பெயிண்ட் தூசிக்கும் குழந்தைகளுக்கும் உள்ள தொடர்பை முதலில் அழுத்தமாகச் சொன்னவர் ஒரு கண் மருத்துவர். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குழந்தைகள் பார்வை மங்கி, கைகால் வலுவிழந்து வந்துகொண்டிருந்தார்கள். ஈய நஞ்சு என்பது தெரிந்திருந்தது. எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை. 1904-இல் ஜான் லாக்ஹார்ட் கிப்சன் வீட்டு வராந்தாக் கம்பிகளைச் சுட்டிக்காட்டினார். கடும் வெயிலில் அந்த வெள்ளைப் பெயிண்ட் மாவுபோல உதிர்ந்துகொண்டிருந்தது. கம்பியைப் பிடித்து விளையாடும் பிள்ளைகள் நகம் கடிக்கிறார்கள், விரல் சூப்புகிறார்கள். அவ்வளவுதான். சக மருத்துவர்களே உடனே நம்பவில்லை. குயின்ஸ்லாந்து மாநிலம் சட்டம் போட 1922 ஆகிவிட்டது. நம் திண்ணைத் தூணையும் ஜன்னல் கம்பியையும் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தைகளை நினைத்தால் பிரிஸ்பேன் அத்தனை தூரமாகத் தெரிவதில்லை. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும் பெரியவர்களைப்போல நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கால்சியம் வேடத்தில் ஈயம் உள்ளே புகுந்துவிடுகிறது.

இப்போது பெயிண்டரின் மெஷினுக்கு வருவோம். நான்கு அங்குல வட்டு, நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று. கணக்குப் போட்டால் அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் பெயிண்ட் உதிர்வதில்லை, அரைபடுகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி கீழே விழும். தெரியாத தூசி மணிக்கணக்கில் மிதக்கும். இன்னொரு கணக்கு. ஒரு சதுர சென்டிமீட்டரில் 1 மில்லிகிராம் ஈயம் இருந்தாலே அமெரிக்காவில் அது ஈயப் பெயிண்ட். ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 930 மில்லிகிராம். அந்த ஒரே ஒரு சதுர அடியை மட்டும் பொடியாக்கி, பத்துக்குப் பத்து அறையின் தரையில் சீராகத் தூவினால் சதுர அடிக்கு 9,300 மைக்ரோகிராம். தரைத் தூசிக்கு அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019-இல் வைத்த ஆபத்து வரம்பு வெறும் 10. எங்கள் கதவு இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது சதுர அடி. பெயிண்டரிடம் மெஷினை வண்டியிலேயே வைத்துவிடச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான்.

மரத்துக்கும் மெஷின் ஆகாது. மரத்தின் வரிகளில் மென்மையானதும் கெட்டியானதும் அடுத்தடுத்து ஓடுகின்றன. கம்பி பிரஷ் மென்மையானதை முதலில் தோண்டிவிடும். கதவு உழுத வயல் மாதிரி ஆகிவிடும், எத்தனை பட்டி பார்த்தாலும் மட்டமாகாது.

ஆசாரியின் கண்ணாடிச் சில்லு வேடிக்கையாகத் தோன்றலாம். கண்ணாடி உடையும் இடத்தில் பிறக்கும் முனை, சாணை பிடித்த எஃகைவிடக் கூர்மையானது. அவர் பழைய ஜன்னல் கண்ணாடியை நனைத்த சாக்கில் சுற்றி, சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். உள்ளங்கை அளவில் ஒரு துண்டைப் பொறுக்கி, மேல்விளிம்பில் துணி சுற்றி, இரண்டு கட்டைவிரலும் பின்னால் அழுந்த, தன் பக்கமாகச் சற்றே சாய்த்து இழுத்தார். மரவரி ஓடும் திசையில்தான் இழுக்க வேண்டும். கீச்சென்ற ஒலியோடு ஏழு நிறமும் ஒரே சுருளாகச் சுருண்டு வந்தது, பென்சில் சீவினால் வருமே அதுபோல. சுருளைக் கையில் எடுக்கலாம், ஊதினால்கூட அறை முழுக்கப் பறக்காது. தேக்கில் மணல்சத்தான சிலிக்கா உண்டு, எஃகு அலகைச் சீக்கிரம் மழுக்கிவிடும். கண்ணாடி மழுங்கினால் என்ன, இன்னொரு தட்டு.

இதில் தேக்கும் நமக்கு உதவி செய்கிறது. அதன் இயற்கை எண்ணெய்ப் பசை பெயிண்டை ஒழுங்காகப் பிடிக்க விடாது, காயவும் விடாது. அதனால் அடிக் கோட்டிங் மரத்தோடு அரைகுறை உறவில்தான் இருக்கும். நெம்பினால் விட்டுவிடும்.

நான் ஒரு டங்ஸ்டன் கார்பைடு அலகு வைத்த இழுப்புச் சுரண்டி வாங்கி வந்தேன். ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். மறுநாள் காலை அவர் கையில் அதுதான் இருந்தது. சலூனில் தலைக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்றும் வாங்கினேன். ஈரமாக்கிச் சுரண்டினால் இருக்கிற கொஞ்சம் தூசியும் அடங்கும். நிறைய ஊற்றினால் மரம் ரோமம் எழும்பும் என்று அவர் முணுமுணுத்ததும் சரிதான். மெல்லிய தெளிப்பே போதும்.

கட்டங்களின் ஓரத்திலும் வளைந்த பட்டிகளிலும் சுரண்டி நுழையாது. அங்கே ரசாயனம் வேண்டும். பெயிண்டைக் கலக்கத் தின்னர் போதுமே, எடுக்கவும் அதுவே போதாதா என்று தோன்றும். எனாமல் பெயிண்ட் காய்வது தண்ணீர் வற்றுவது மாதிரி இல்லை. அதிலுள்ள எண்ணெய் காற்றின் ஆக்சிஜனைப் பிடித்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலையாகிவிடுகின்றன. பாலைத் தயிராக்கிவிட்டு மறுபடி பாலாகக் கேட்கிற கதைதான். வலையை அறுக்க வேண்டும், அல்லது ஊதவைத்துப் பிய்க்க வேண்டும்.

அறுப்பது காஸ்டிக் சோடா. எண்ணெய் சோப்பாகிற அதே வினை கதவின் மேலேயே நடக்கிறது. மலிவு. ஆனால் மரம் கறுத்துவிடும், காரம் மரத்துக்குள் தங்கினால் அடுத்து அடிக்கும் எண்ணெய்ப் பெயிண்டையும் உள்ளிருந்தே சோப்பாக்கும். அலுமினியத்தில் பட்டால் அலுமினியத்தையே தின்னும்.

ஊதவைப்பது கடைக்காரரின் டப்பா. பல ரிமூவர்களின் உயிர் மெத்திலீன் குளோரைடு, இன்னொரு பெயர் டைகுளோரோமீத்தேன். இதன் மூலக்கூறு சிறியது. வலைக் கண்களுக்குள் புகுந்து பெயிண்டை வீங்கவைக்கும். வீங்க இடமில்லாமல் அது அப்பளம்போலப் பொங்கி மரத்தைவிட்டு எழும். பார்க்கப் பரவசமான காட்சி. இது 40 டிகிரியில் கொதித்துவிடும், அதாவது சித்திரை வெயிலிலேயே. ஆவி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம், தரையோடு தேங்கும். மூச்சில் போனது உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறி ரத்தத்தின் ஆக்சிஜன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் குளியல் தொட்டிகளுக்குப் புதுப் பூச்சு கொடுக்கும் தொழிலாளர்கள், சிறிய குளியலறைக்குள் தொட்டிமேல் குனிந்து இதைப் பயன்படுத்தி மயங்கி இறந்திருக்கிறார்கள்; ஒருவர் இருவர் அல்ல. 2019-இல் அந்நாடு இதை வீட்டு உபயோகத்துக்கு விற்பதை நிறுத்தியது. ஐரோப்பா அதற்கும் முன்பே. நம் கடைகளில் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். தூசி முகமூடி ஆவியைத் தடுக்காது, சாதாரணக் கையுறைக்குள்ளும் இது ஊடுருவும். பென்சைல் ஆல்கஹால் வகை ரிமூவர்கள் மெதுவானவை. பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி, சில மணி நேரம், சில சமயம் ஓர் இரவு காத்திருக்க வேண்டும். நான் கட்ட ஓரங்களுக்கு இதைத்தான் எடுத்தேன். அவசரமில்லாதவனுக்கு ஏற்ற சரக்கு.

மச்சானின் ஹீட் கன்னையும் ஒதுக்கிவிட முடியாது. 200, 300 டிகிரிக்குள் பெயிண்ட் இளகித் தோலாக வந்துவிடும். ஆனால் பல ஹீட் கன்கள் 600 வரை போகும். ஈயப் பெயிண்டில் ஏறத்தாழ 593 டிகிரிக்கு மேல் போகும் ஹீட் கன்னையும் தீச்சுவாலையையும் பயன்படுத்த அமெரிக்க விதி தடை போட்டிருக்கிறது. ஈயமே ஆவியாகி மூச்சோடு போகும் என்பதால். அந்தக்கால மண்ணெண்ணெய் புளோ லாம்ப் அந்த வகையில் மோசமான கருவி. நிலைக்குப் பின்னால் உள்ள இடுக்கில் குருவிக்கூடோ சருகோ இருந்தால், நாம் சாப்பிடப் போனபிறகு அது புகையத் தொடங்கும். கண்ணாடி பதித்த ஜன்னலில் கண்ணாடி விரியும்.

இரும்புக் கிரில்லுக்கு ஈரச் சுரண்டலும் கைக் கம்பி பிரஷும், வளைவுகளுக்கு ரிமூவரும். சுண்ணாம்புச் சுவரில் பழைய சுண்ணாம்பையும் டிஸ்டெம்பரையும் தண்ணீரும் தேய்ப்பு பிரஷும் எடுத்துவிடும், மெஷின் வைத்தால் பூச்சே பெயர்ந்து விழும். என்னைக் கேட்டால், நன்றாகப் பிடித்திருக்கிற பழைய பெயிண்டை எடுக்கவே வேண்டாம். உரிந்த ஓரத்தை மட்டும் வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்த்துவிட்டு மேலேயே அடிக்கலாம். கதவு மூட முடியாமல் பிடிக்கிறது, பெயிண்ட் பாளம் பாளமாக விடுகிறது, அல்லது என்னைப்போல மரம் பார்க்கும் ஆசை வந்துவிட்டது என்றால்தான் இந்தப் பாடு.

நான்கு நாளும் கதவுக்கடியில் தார்ப்பாய் விரித்திருந்தோம். சாயங்காலம் விளக்குமாறு எடுக்கக்கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்துத் துணியைத் தனியாக அலச வேண்டும். வேலை பார்த்த சட்டையை வீட்டுத் துணியோடு போடக்கூடாது. பிள்ளைகளை அக்கா வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். சுருள்களை எல்லாம் மூடியுள்ள ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் அடைத்தேன். ஆசாரி அதை வெந்நீர் அடுப்பில் போடச் சொன்னார். அது கூடவே கூடாது. பழைய கதவு, ஜன்னல் சட்டங்களை வெந்நீருக்கும் போகிக்கும் எரிப்பது நம் ஊரில் வழக்கம். விறகு எரிந்துபோகும், ஈயம் எரியாது. கொஞ்சம் புகையில் ஏறும், மிச்சம் சாம்பலில் நிற்கும். அந்தச் சாம்பலில்தான் பாத்திரம் துலக்குவார்கள்.

நான்காம் நாள் மதியம் ஆசாரி கடைசிப் பலகைக்கு வந்துசேர்ந்தார். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினார். சீவலை மூக்கருகே கொண்டுபோனார். தேக்கில் தோல் பதனிட்ட மாதிரி ஒரு வாசனை வரும், இதில் இல்லை. கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“தம்பி, மேல ரெண்டு பலகைதான் தேக்கு. கீழ வேம்பு. செல்லு அரிச்சோ, தண்ணி நின்னோ போயிருக்கும், எவனோ மாத்தியிருக்கான். நிறம் சேரலை. அதான் பெயிண்டு.”

மேலே தேன் நிறம், கீழே வெளிறிய சிவப்பு, நடுவில் கோடு கிழித்தது மாதிரி. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் பெயிண்டர் அந்தப் பக்கமாகப் போனவர் வண்டியை நிறுத்தி, கதவை மேலும் கீழும் பார்த்தார்.

“எந்தக் கலர் சார்?” என்றார்.