பாடல் பகுப்பாய்வுப் பத்தி

பாடல் பகுப்பாய்வுப் பத்தி என்பது, மக்களிடையே பரவிய ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, அது ஏன் காதில் தங்குகிறது என்பதை அதன் மெட்டு, தாளம், சொல், குரல், ஒலிப்பதிவு ஆகியவற்றின் வழியே விளக்கும் தொடர் கட்டுரை ஆகும். இசை இதழ்களிலும் பொது இதழ்களின் கலைப் பகுதிகளிலும் இது வெளிவருகிறது. புதிய இசைத்தொகுப்புக்கு எழுதப்படும் மதிப்புரையிலிருந்து இது வேறுபட்டது. மதிப்புரை, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வதோடு நின்றுவிடும். பத்தியோ, வாசகர் முன்பே பலமுறை கேட்ட பாடலை மறுபடியும் கேட்க வைக்கிறது.

2014ஆம் ஆண்டு விவாதம்

இவ்வகை எழுத்தில் இசையைப் பற்றி எவ்வளவு பேச வேண்டும் என்பது நெடுநாள் கேள்வி. 2014 மார்ச்சில் அமெரிக்க ஜாஸ் வரலாற்றாசிரியர் டெட் ஜியோயா, 'தி டெய்லி பீஸ்ட்' இணைய இதழில் இதைக் கடுமையாக எழுப்பினார். இசை விமர்சனம் பாடகர்களின் உடை, காதல், வாழ்க்கை முறை பற்றிய செய்தியாகச் சுருங்கிவிட்டது என்பது அவரது குற்றச்சாட்டு. விளையாட்டு வருணனையாளர் ஆட்டத்தின் நுட்பத்தை விளக்காமல் இருப்பாரா என்று அவர் ஒப்பிட்டுக் காட்டினார். இதற்கு மறுப்புகள் பல எழுந்தன. இலக்கணச் சொற்களைக் கொட்டினால் பொது வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார் என்பது எதிர்த்தரப்பின் கவலை. இரண்டிலும் உண்மை உண்டு.

சில நாள்களிலேயே, வாதமாக அல்லாமல் செயலாக ஒரு விடை வந்தது. கனடாவைச் சேர்ந்த இசையமைப்பாளரும் வயலின் கலைஞருமான ஓவன் பாலெட், 'ஸ்லேட்' இணைய இதழில் கேட்டி பெர்ரியின் 'டீனேஜ் டிரீம்' பாடலை இசைக் கோட்பாட்டைக் கொண்டே விளக்கினார். இப்பாடல் 2010 செப்டம்பரில் அமெரிக்காவின் 'பில்போர்டு ஹாட் 100' பட்டியலில் முதலிடம் பிடித்தது.

பாலெட்டின் முதன்மைக் கருத்தைக் கர்நாடக இசையைக் கொண்டு எளிதில் புரிந்துகொள்ளலாம். ராகம் எங்கே சுற்றினாலும் ஆதார சுரமான 'ச'வில் வந்து நிற்கும்போதுதான் மனத்துக்கு நிறைவு. மேற்கத்திய இசையில் சுரங்கள் கூட்டாக ஒலிப்பதால், அந்த 'ச'வின் மீது எழும் சுரக்கூட்டே ('கார்டு' என்பர்) பாடல் வந்து அமரும் இடம். 'டீனேஜ் டிரீம்' பாடலின் பின்னணி இசையில் அந்த ஆதாரக் கூட்டு வருவதே இல்லை என்றார் பாலெட். குரல் 'ச'வைத் தொட்டு இதுதான் சுருதி என்று உணர்த்துகிறது. பின்னணியோ அதைச் சுற்றிச் சுற்றி வந்தும் அமர மறுக்கிறது. அதோடு, பாட்டின் சொற்கள் தாள அடியின் மேல் நேராக விழாமல் முன்னும் பின்னும் தள்ளி விழுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஏக்கமும் எதிர்பார்ப்பும் நிறைந்த இளமைக் காதல் பாடலுக்கு இந்த அமராத நிலை எவ்வளவு பொருத்தம்! பாடலை ஓடவிட்டு 'ச'வை மட்டும் முணுமுணுத்துப் பார்த்தால், இசை படிக்காதவரும் இதை ஓரளவு சோதித்துவிடலாம். டாஃப்ட் பங்க் குழுவின் 'கெட் லக்கி' பாடலையும் பாலெட் இவ்வாறே ஆராய்ந்தார்.

எனினும் இத்தகைய விளக்கம் பாடலின் சுவைக்குக் காரணம் சொல்லுமே தவிர, வெற்றிக்கு முழுக் காரணம் சொல்லாது. அதே சுரக்கூட்டுகளை வைத்துக்கொண்டு எவரும் கவனிக்காமல் போன பாடல்கள் உண்டு. யார் இசையமைத்தார், வானொலியில் அப்போது எது ஓடியது, கேட்டவர்கள் யார் என்பனவும் தெரிய வேண்டும்.

முதலிடப் பாடல்கள்

இந்தப் பக்கத்தை நிரப்புவது, 'ஸ்டீரியோகம்' என்னும் இணைய இசை இதழில் டாம் பிரீகன் எழுதும் 'தி நம்பர் ஒன்ஸ்' பத்தி. 2018 ஜனவரியில் தொடங்கிய இது, ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பெற்ற பாடல்களைக் கால வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது. பட்டியல் தொடங்கிய 1958 ஆகஸ்டில் முதலிடத்தில் இருந்த ரிக்கி நெல்சனின் 'புவர் லிட்டில் ஃபூல்' பாடலே இதன் முதல் பொருள். ஒவ்வொரு பாடலுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண்ணும் உண்டு. வாசகர் சண்டையிடுவது மதிப்பெண்ணைப் பற்றித்தான். ஆனால் பத்தியில் எடை குறைந்த பகுதியும் அதுவே.

இதன் உண்மையான பலம் வரிசையில் இருக்கிறது. விருப்பமான பாடலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை எழுத்தாளர் இழந்துவிடுகிறார். தமக்குச் சற்றும் பிடிக்காத பாடலாக இருந்தாலும், இலட்சக்கணக்கானோர் அதை ஏன் விரும்பினர் என்று தேடியே ஆக வேண்டும். ரசனையைக் காட்டிக்கொள்ளும் எழுத்து அவ்விடத்தில் வரலாறாக மாறுகிறது. இப்பத்தியிலிருந்து விரிந்த நூல், இருபது பாடல்களை மட்டும் கொண்டு 2022இல் வெளிவந்தது.

எழுதும் முறை

பத்தி எழுத முனையும் மாணவர், பாடல் வரிகளை நீளமாக எடுத்தெழுதிப் பொருள் கூறுவதோடு நின்றுவிடக் கூடாது. வரிகளுக்குக் காப்புரிமை உண்டு என்பது ஒரு காரணம். வரியைப் படிப்பது பாடலைக் கேட்பதாகாது என்பது பெரிய காரணம். 'இனிமையான இசை' என்பது போன்ற சொற்கள் எந்தப் பாடலுக்கும் பொருந்துவதால் எதையும் விளக்குவதில்லை. எந்த நிமிடம், எந்த விநாடியில் எந்தக் கருவி நுழைகிறது, எந்தச் சொல்லில் குரல் ஏறுகிறது என்று குறித்துக்கொடுத்தால், வாசகர் அவ்விடத்தைத் தாமே கேட்டு உடன்படலாம், மறுக்கவும் செய்யலாம்.