டிரெட்மில்லுக்குப் பின்னால் யார்?

வீட்டிலேயே நடக்க டிரெட்மில் வாங்கியாச்சா? ரொம்ப நல்லது. ஆனால் குழந்தை இருக்கிற வீட்டில் ஆபத்து பின்பக்கம்தான். பெல்ட் உருளைக்கடியில் திரும்புகிற இடுக்கு, பிஞ்சு விரலை வெடுக்கென்று இழுத்துவிடும். உராய்விலேயே தோல் தீய்ந்துபோகும். அமெரிக்காவில் 6 வயதுக் குழந்தை ஒன்று டிரெட்மில்லுக்கு அடியில் இழுக்கப்பட்டு இறந்தது. அந்த மாடலில் சுமார் 1,25,000 மிஷின்களை 2021 மே மாதம் பெலோட்டன் கம்பெனி திரும்பப் பெற்றது.

"நான்தான் பக்கத்திலேயே இருக்கேனே!" என்பீர்கள். முதுகுக்குப் பின்னால் தவழ்ந்து வருவது, அதுவும் டி.வி. சத்தத்தில், எப்படித் தெரியும்? குழந்தை தூங்கும்போது நடங்கள். இல்லையென்றால் அறைக் கதவைத் தாழிடுங்கள். முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, பாதுகாப்புச் சாவியை மேல்தட்டில் வையுங்கள். அது இல்லாமல் மிஷின் ஓடாது.

தப்பித்தவறி கை பட்டுவிட்டால் மஞ்சள், பேஸ்ட் எதுவும் பூசாதீர்கள். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். மேலே சின்னக் காயமாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கலாம்.